மூலைவீட்டுச் சரிவகம்

விசாலாக்ஷிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள், அவள் பத்தடிக்கு ஒன்பதடி அறையில் குடித்தனம் பண்ணப்போகிறாள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கோல் மார்க்கெட் பக்கம், நடுவில் புல்வெளியும் அதன் நாலு பக்கமும் சர்க்கார் குவார்ட்டர்ஸுமாக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிப்போட்ட ஒரு ஸ்கொயர். அதில் மூலை வீட்டின் சின்ன அறைதான் அவளுடைய தில்லி. பத்தை ஒன்பதால் பெருக்கினால் தொண்ணூறு சதுர அடி. அவள், கணவர் கல்யாணராமன், ஒன்பது வயது மகள் மீனா. ஆளுக்கு முப்பது. இதையெல்லாம் அவள் மனசுக்குள் பெருக்கி வகுத்துப் பார்க்காத நாள் கிடையாது. தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வேறு எதைத்தான் செய்வாள்?

வீடு ராமமூர்த்தி பெயரில் இருந்தது. ஏதோ ஒரு மந்திரி காரியாலயத்தில் அவர் ஹெட் கிளார்க். மனைவி ருக்மிணி, இரண்டு பிள்ளைகள். சர்க்கார் கொடுத்த வீட்டில் வேறு குடும்பத்தை வைத்துக்கொள்ளக் கூடாது, கண்டுபிடித்தால் வீடு கையை விட்டுப் போய்விடும் என்பது சட்டம். சட்டம் அதன் பாட்டுக்கு இருந்தது. தில்லியில் வந்து இறங்கிய தமிழர்களில் பாதிப்பேர் இந்த மாதிரி யாரோ ஒருவர் வீட்டு அறையில் திருட்டுத்தனமாகத்தான் பால் காய்ச்சினார்கள். 'ஷேரிங்' என்று அதற்கு ஒரு மரியாதையான பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

கல்யாணராமனும் சர்க்கார் குமாஸ்தாதான். அவர் பெயரும் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்தது. வேலையில் சேர்ந்த தேதிப்படி வரிசை. எழுபத்து நாலாம் வருஷத்தில், ஐம்பத்தெட்டில் சேர்ந்தவர்களுக்கு வீடு வந்துகொண்டிருந்தது. கல்யாணராமன் சேர்ந்தது அறுபத்து மூன்று டிசம்பர். வருஷத்துக்கு ஏழெட்டு மாதம் வரிசை நகர்ந்தால் அதிகம். ஒவ்வொரு முறை பட்டியல் ஒட்டும்போதும் அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நகர்ந்திருக்கு விசாலம், நகர்ந்திருக்கு" என்பார். நத்தைக்கு உறவுக்காரர் மாதிரி அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அதுவரைக்கும் இந்த அறையை விடக் கூடாது. வெளியே தனியார் வீட்டில் ஓர் அறை எடுக்கிற சம்பளம் இரண்டு பேருக்கும் சேர்ந்தாலும் இல்லை. இந்த அறை போனால் அவள் வேலையை விட்டுவிட்டு, மீனாவைக் கூட்டிக்கொண்டு, கும்பகோணத்தில் மைத்துனர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார வேண்டியதுதான். ஆகையால் ஆறு வருஷமாக அந்தத் தொண்ணூறு சதுர அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொண்டிருந்தது அவளா, அதுவா என்பது வேறு விஷயம்.

ஏனென்றால் அந்த அறைக்கு விதிகள் இருந்தன. காலையில் ஐந்தரையிலிருந்து ஆறரை வரைக்கும்தான் சமையலறை விசாலத்துக்கு. சாயங்காலம் ருக்மிணி மாமி சமைத்து முடித்து, மேடையைத் துடைத்து, "ம், வா" என்று சொன்ன பிறகு. முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் நாலில் ஒரு பங்கு அவளுக்கு. ஸ்கொயர் பக்கம் இருந்த ஜன்னலுக்கு எந்நேரமும் திரை. வாசல் பக்கம் புடவை உலர்த்தக் கூடாது. கடிதாசெல்லாம் கல்யாணராமன் ஆபீஸ் விலாசத்துக்கு. மீனா விளையாடப் போனால், யார் கேட்டாலும் ராமமூர்த்தியைப் பெரியப்பா என்று சொல்ல வேண்டும். அந்தக் குழந்தை பழகிப்போய், தெருவில் காய் விற்கிறவனையும் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. சின்ன அறைக்கும் பெரிய அறைக்கும் நடுவில் ஒரு கதவு. தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருந்தது.

ருக்மிணி மாமி கெட்டவள் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் மிளகு ரசம் கொண்டுவந்து தருவாள். ஆனால் தருகிறபோதே, "அந்தக் கட்டிலை இன்னும் செத்த சுவரோட ஒட்டிப் போடக் கூடாதா?" என்றும் கேட்பாள். அவள் கண்ணுக்கு விசாலம் குடியிருக்கிற இடமெல்லாம் தன்னிடமிருந்து வெட்டி எடுத்த இடமாகவே பட்டது.

இதையெல்லாம் விசாலம் யாரிடம் சொல்வாள்? கணவரிடம் சொன்னால், "பொறுத்துக்கோயேன், நகர்ந்திண்டிருக்கே" என்பார். பள்ளியில் மற்ற டீச்சர்களிடம் சொல்ல முடியாது. ஷேரிங் விஷயம் வெளியே போகக் கூடாது. வாயைத் திறந்தால் வீடு போகும். அப்படி அடைபட்டிருந்த பேச்செல்லாம் ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு வெளியே வந்தது. கரும்பலகையில்.

புத்தகத்தில் இருந்த கணக்குகள் மீட்டரில் இருந்தன. ஐம்பது மீட்டர் தோட்டம், நூறு மீட்டர் வயல். தில்லிக் குவார்ட்டர்ஸில் பிறந்த குழந்தைகள் எந்த வயலைக் கண்டன? வீட்டில் எல்லோரும் இன்னும் அடியில்தான் பேசினார்கள். ஆகவே வீட்டுக்கணக்கு என்று வாரத்துக்கு ஒன்று அவளே எழுதிப் போட ஆரம்பித்தாள். முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. 'ஓர் அறை 10 அடி நீளம், 9 அடி அகலம். பரப்பளவு என்ன?' அடுத்த வாரம்: 'ஒரு வீட்டில் இரண்டு அறைகள். 14 அடி நீளம் 12 அடி அகலமுள்ள அறையில் நான்கு பேர். 10 அடிக்கு 9 அடி அறையில் மூன்று பேர். ஒருவருக்கு எத்தனை சதுர அடி? எந்த அறையில் இருப்பவர்களுக்குக் குறைவு? எவ்வளவு குறைவு?' நாற்பத்திரண்டு, முப்பது, பன்னிரண்டு குறைவு என்று முப்பத்தைந்து குழந்தைகளும் ஒரே குரலில் சொன்னபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக யாரோ அவள் பக்கம் பேசினார்கள்.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. கன அளவு நடத்தும்போது முற்றத்துத் தொட்டி வந்தது: 'நீளம் 3 அடி, அகலம் 2 அடி, உயரம் 2 அடி. ஒரு குடும்பம் முக்கால் பங்கு தண்ணீரை எடுத்துக்கொண்டால் மற்றக் குடும்பத்துக்கு எத்தனை கன அடி?' சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டு வந்தது. வராந்தாவில் மாமி கொண்டுவந்து போட்ட பழைய இரும்புப் பெட்டி வந்தது. குழந்தைகளுக்கு இந்தக் கணக்குகள் ரொம்பப் பிடித்துப்போயின. தொடர்கதை மாதிரி இருந்தது. "டீச்சர், அந்தச் சின்ன ரூம்காரங்களுக்கு இந்த வாரம் என்ன ஆச்சு?" என்று மங்கையர்க்கரசி என்கிற பெண் கேட்பாள். விசாலம் சிரித்துக்கொண்டே சாக்பீஸை எடுப்பாள்.

நவம்பரில் நாற்கரங்கள் நடத்தினாள். சதுரம், செவ்வகம், இணைகரம். எதிரெதிர் பக்கங்களில் ஒரு ஜோடி மட்டும் இணையாக இருந்தால் அதற்குப் பெயர் சரிவகம். அது ஐந்தாம் வகுப்புப் பாடத்திலேயே இல்லை. ஆனால் அவளுக்குச் சரிவகம் தினமும் பார்க்கிற வஸ்து. அந்த ஸ்கொயரில் எல்லா வீட்டு முற்றங்களும் செவ்வகம். மூலை வீட்டில் மட்டும் ரோடு சாய்வாக வந்து வெட்டியிருந்ததால் ஒரு பக்கச் சுவர் பதினாறு அடி, எதிர்ச் சுவர் பன்னிரண்டு அடி, இரண்டுக்கும் நடுவில் பத்தடி. படத்தைப் பலகையில் போட்டாள். பன்னிரண்டுக்குப் பத்து ஒரு செவ்வகம், நூற்றிருபது. மிச்சமிருக்கிற முக்கோணம் இருபது. ஆக நூற்று நாற்பது சதுர அடி. "அந்த முக்கோணத்தில் ஒரு கொய்யா மரம். அதன் பழத்தை யார் பறிக்கலாம் என்று கணக்கில் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பாவம், அந்தச் சிரிப்பு அவளுக்கு இரண்டு வாரம்தான் நிலைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டதும், மங்கையர்க்கரசியின் அப்பா ராஜசேகரன் வாசலில் வந்து நின்றார். திருநெல்வேலிக்காரர். குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற ஆபீஸில் குமாஸ்தா. கையில் மகளின் கணக்கு நோட்டு.

"டீச்சர், ஒங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்" என்றார்.

"என்ன சார்? மங்கை நன்னாத்தானே படிக்கறா?"

"அவ நல்லாத்தான் படிக்கா. நான்தான் புத்தி இல்லாம ஒரு காரியம் பண்ணிட்டேன். டீச்சர் போடுத கணக்கு சுவாரசியமா இருக்குன்னு நோட்டை ஆபீஸுக்குக் கொண்டு போயி, டிபன் நேரத்துல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். சிரிக்கதுக்காவத்தான். எங்க ஆபீசர் பக்கத்து மேசைல சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. படத்தைப் பார்த்தாரு. 'சோலா அவுர் பாரா? ஐசா ஆங்கன் தோ ஏக் ஹீ ஹை' அப்படின்னாரு. அந்த ஸ்கொயரோட ப்ளானு அவரு தலைக்கு மேலதான் தொங்குது. பதினாறும் பன்னெண்டுமா முத்தம் உள்ள வீடு அதுல ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர்."

விசாலம் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் வரிசையா இருக்குல்லா" என்று அவர் நோட்டைப் புரட்டினார். குரலில் அழுகை இருந்தது. "ரெண்டு குடும்பம், எந்த ரூம்ல எத்தன பேரு, தொட்டில யாருக்கு எவ்வளவு. இன்ஸ்பெக்டரு போயி எழுதினாக்கூட இவ்வளவு சுத்தமா எழுத முடியாது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாராங்க. அது ஒங்க வீடா, தெரிஞ்சவங்க வீடா, நான் கேக்கல. சொல்லணும்னு தோணிச்சு. சொல்லிட்டேன்."

நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவள் அங்கேயே நின்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். மங்கையர்க்கரசியின் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருந்தது. எல்லா விடைக்கும் கீழே விசாலமே சிவப்பு மையில் 'சரி' போட்டிருந்தாள். தன் வீட்டைத் தானே காட்டிக்கொடுத்து, அதற்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறாள்! அவளுக்குத் தன்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

வீட்டில் பாதிதான் சொன்னாள். பள்ளியில் ஒரு பெற்றோர் சொன்னார், வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் என்று. எதனால் என்று சொல்லவில்லை. ராமமூர்த்தியின் முகம் வெளுத்துப்போனது. இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருந்தது அவருக்கு. ருக்மிணிதான் முதலில் பேசினாள்.

"எவனோ வயித்தெரிச்சல்காரன் மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். சரி, ஆகவேண்டியதைப் பார்ப்போம். விசாலம், உன் சாமான் ஒண்ணு கண்ணுல படக் கூடாது. ரெண்டு ஸ்டவ் இருந்தாலே போச்சு, ரெண்டு குடித்தனம்னு எழுதிடுவான். எல்லாத்தையும் எங்க பரண்ல ஏத்திடு."

பெரிய அறையின் பரண். ஆறு வருஷத்தில் ஓர் அட்டைப் பெட்டி வைக்கக்கூட விசாலத்துக்கு அங்கே இடம் கொடுத்ததில்லை. புதன்கிழமை சாயங்காலம் கல்யாணராமன் ஆபீஸிலிருந்து வந்ததும் ஸ்கேலும் கயிறுமாக ஏணியில் ஏறினாள். மாமியின் சாமான்கள் போக மீதி இடம் நாலடி நீளம், மூன்றடி ஆழம், இரண்டரை அடி உயரம். முப்பது கன அடி.

இத்தனை வருஷக் குடித்தனத்தை முப்பதுக்குள் திணிக்க முடியாது என்றுதான் அவள் நினைத்தாள். டிரங்குப் பெட்டிகள் இரண்டும் பன்னிரண்டு. படுக்கைச் சுருட்டு ஏழு. பாத்திர மூட்டையும் ஸ்டவ்வும் ஐந்து. புத்தகங்கள், மீனாவின் துணிகள், சுவாமி படங்கள் மூன்று. கூட்டினாள். இருபத்தேழு. மறுபடியும் கூட்டினாள். அதே இருபத்தேழு. கீழிருந்து கல்யாணராமன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் மேலே அடுக்கினாள். கடைசிச் சாமான் ஏறின பிறகும் மூன்று கன அடி இடம் காலியாக இருந்தது.

"பேஷ், எல்லாம் பிடிச்சுடுத்தே!" என்றார் கல்யாணராமன் சந்தோஷமாக.

அவளுக்கு அழுகை வந்தது. பத்தடி உயரமும் சேர்ந்து தொள்ளாயிரம் கன அடியாக இருந்த அறையில் மூச்சு முட்டிக் கிடந்த வாழ்க்கை முப்பது கன அடியில் தாராளமாக அடங்கிவிட்டது. இதற்காகவா இத்தனை நாள் இந்தப் பாடு பட்டோம் என்று இருந்தது. கயிற்றுக் கட்டில் மட்டும் பரணில் ஏறவில்லை. அந்தச் சார்பாயை முற்றத்தில் கொய்யா மரத்தின் மேல் சாய்த்து வைத்தார்கள். முற்றத்தில் ஒரு சார்பாய் இல்லாத வீடு தில்லியில் எங்கே இருக்கிறது? அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாலம் வகுப்பில் இருந்தாள். வேறெங்கே போவாள்? இணைகரத்தின் பரப்பளவு நடத்தவேண்டிய நாள். நாலு விளக்குமாற்றுக் குச்சிகளை முனைகளில் சைக்கிள் வால்வு ட்யூபால் இணைத்து ஒரு செவ்வகம் செய்து வைத்திருந்தாள். அதைத் தூக்கிக் காட்டினாள். மேல் குச்சியைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளினாள். செவ்வகம் சாய்ந்தது.

"பக்கத்தோட நீளம் மாறிச்சா?"

"இல்ல டீச்சர்!"

"யாராவது குச்சியை உடைச்சாங்களா? எடுத்தாங்களா?"

"இல்ல டீச்சர்!"

இன்னும் தள்ளினாள். உள்ளே இருந்த இடம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நாலு குச்சியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கோடாக நின்றன.

"அப்ப உள்ள இருந்த இடம் எங்க போச்சு?"

கையில் அந்தக் குச்சிகளை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து நின்றாள். இந்நேரம் கதவைத் தட்டியிருப்பார்கள். மீனாவின் ரிப்பன் ஒன்று ஜன்னல் கம்பியில் கட்டியிருந்ததே, அதை அவிழ்த்தோமா? நினைவு வரவில்லை. மணி அடிக்கிற வரைக்கும் அந்த ரிப்பன் அவளைப் பிடுங்கித் தின்றது.

இரண்டரை மணிக்கு வீடு திரும்பினபோது ருக்மிணி மாமி வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணும் ஆகலைடி! ரெண்டு பேர் வந்தான். எல்லாத்தையும் திறந்து பார்த்தான். ஒரே ஸ்டவ், ஒரே பால் கார்டு. சோட்டா கம்ரா கிஸ்கா, சின்ன ரூம் யாருதுன்னான். பச்சோங்கீ படாயி, கொழந்தைகள் படிக்கறதுக்குன்னேன். அச்சா மாதாஜின்னுட்டுப் போயிட்டான். வா, வா, காபி சாப்பிடு."

ஆறு வருஷத்தில் மாமி கேட்காமல் காபி கொடுத்தது அன்றைக்குத்தான். விசாலம் டம்ளரோடு தன் அறைக்குள் போனாள்.

அறை காலியாக இருந்தது. ரிப்பன்கூட இல்லை, நேற்றே அவிழ்த்திருக்கிறாள். திரையை மாமி இன்ஸ்பெக்டருக்காகக் கழற்றியிருந்தாள் போலிருக்கிறது. ஜன்னல் வழியாக மாசி வெயில் மாதிரி இதமான ஒரு வெயில் உள்ளே வந்து தரை முழுக்கப் படுத்திருந்தது. இந்த அறைக்குள் வெயில் வரும் என்பதே அவளுக்குத் தெரியாது. நடுவில் போய் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். எதிலும் இடிக்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்தாள். இடிக்கவில்லை. தொண்ணூறு சதுர அடி இவ்வளவு பெரிசா! வீடு தப்பிய நிம்மதியும் இந்த இடத்தின் சுகமுமாகச் சேர்ந்து, அவள் சிறுமி மாதிரி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தாள்.

நடுக்கதவின் தாழ்ப்பாள் திறந்தது. மாமி வந்து நிலைப்படியில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நானும் காலம்பரேலேர்ந்து பார்த்துண்டே இருக்கேன். இத்தனை பெரிய ரூமா இது!" என்றாள். "விசாலம், தப்பா நினைச்சுக்காதே. எங்க மூத்தவன் ராஜாராமனுக்கு வர தையில கல்யாணம் பண்ணலாம்னு பேசிண்டிருக்கோம். வரவ எங்கே படுத்துப்பா? மாமாவும் பயந்து போயிருக்கார். இன்னிக்குத் தப்பிச்சோம், இன்னொரு தடவை வந்தா? அதனால பரண்ல இருக்கறது கட்டினது கட்டினபடியே இருக்கட்டும். நீ திரும்பி இறக்கி, திரும்பிக் கட்டி, உனக்கு எதுக்கு ரெட்டை வேலை? ஒரேயடியா வேற இடம் பார்த்து இறக்கிக்கோயேன். இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் எடுத்துக்கோ."

இதமாகத்தான் சொன்னாள். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொல்கிற அதே குரல். விசாலம் விரித்த கையை மடக்கிக்கொண்டாள். மாமி போனதும் கல்யாணராமன் வருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவரிடம் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "கரோல் பாக்கில யாரையாவது விசாரிக்கறேன். இல்லேன்னா நீயும் மீனாவும் கொஞ்ச நாள் கும்பகோணம் போயிருங்கோ. நகர்ந்திண்டுதானே இருக்கு" என்றார்.

அந்த 'நகர்ந்திண்டிருக்கு' என்பதைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. எழுந்தாள். பையிலிருந்து மங்கையர்க்கரசியின் நோட்டை எடுத்துக்கொண்டு நடுக்கதவைத் தட்டினாள்.

மாமி திறந்தாள். ராமமூர்த்தி பின்னால் நாற்காலியில் இருந்தார்.

"மாமி, இன்ஸ்பெக்‌ஷன் எப்படி வந்ததுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எவனோ மொட்டைக் கடுதாசி..."

"கடுதாசி இல்லை. நான் போட்ட கணக்கு." நோட்டைப் பிரித்துக் காட்டினாள். "இதோ உங்க ரூம், இதோ என் ரூம், இதோ தொட்டி. இது நம்ம முற்றம். இந்தப் பொண்ணோட அப்பா அந்த ஆபீஸ்லதான் இருக்கார். இதைப் பார்த்துட்டுத்தான் வந்தா. நான் தெரியாம போட்டேன். இனிமே போட்டா, தெரிஞ்சு போடறதாத்தான் இருக்கும்."

ராமமூர்த்தி எழுந்து வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். அவர் உதடு, பதினாறு பன்னிரண்டு என்று முணுமுணுத்தது. மாமிக்குப் படிக்கவே தேவை இருக்கவில்லை.

"அடிப்பாவி! சோத்துல மண்ணைப் போட்டுட்டு நின்னுண்டு பேசறியே!"

"திங்கக்கிழமை மறுபடியும் வீட்டுக்கணக்கு போடணும் மாமி" என்றாள் விசாலம். "பரண் கணக்கு ஒண்ணு இருக்கு. நாலடி, மூணடி, ரெண்டரை அடி. அதுக்குள்ள ஒரு குடும்பத்தை ஒளிச்சு வைக்கலாம். போடலாமா வேண்டாமான்னு இன்னும் நான் தீர்மானம் பண்ணலை."

"வீடு போனா உன் ரூமும்தானேடி போகும்?"

"எனக்குத்தான் இப்பவே போயிடுத்தே, மாமி."

ராமமூர்த்தி நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சாமானை இறக்கிக்கோ" என்றார்.

ஜெயித்துவிட்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இல்லை, வெட்கமாக இருந்தது. மிளகு ரசம் வைத்துக் கொடுத்தவளை மிரட்டியிருக்கிறாள். எதற்காக? இந்த அறைக்காக. தினமும் காலையில் கண் விழித்ததும் எதிலிருந்து தப்பிக்கவேண்டும் என்று நினைத்தாளோ, அதற்குள்ளேயே இருப்பதற்காக. ஏணியில் ஏறினாள். டிரங்குப் பெட்டி வந்தது, படுக்கை வந்தது, பாத்திர மூட்டை வந்தது. ஒவ்வொன்றாகத் தரையில் வைக்க வைக்க வெயில் படுத்திருந்த இடம் குறைந்துகொண்டே வந்தது. கல்யாணராமன் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். "நீ இப்படிப் பண்ணலாமா விசாலம்?" என்றார். அவள் அடுத்த மூட்டையைப் பிரித்தாள். கொஞ்சம் பொறுத்து, "சார்பாயை உள்ளே கொண்டுவரட்டுமா?" என்று கேட்டார்.

கடைசியாகத் திரையை மாட்டினாள். காபி டம்ளரை மாமி அப்போதே வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். நடுக்கதவில் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதவு விசாலத்தின் பக்கமாகத் திறக்கவே இல்லை.

திங்கட்கிழமை கடைசிப் பாடவேளை. விசாலம் சாக்பீஸை எடுத்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. வீட்டுக்கணக்கு நாள். அவள் பலகைக்கு முன்னால் நின்றாள். எழுதுவதற்கு எத்தனையோ இருந்தது. ஆனால் எழுதிவிட்டால் வீடு போய்விடும். மாமியை மிரட்டியதற்கும் அர்த்தமில்லாமல் போய்விடும். அந்தக் கணக்கு அவள் கைவசம் இருக்கவேண்டுமானால் அதை ஒருநாளும் போடக் கூடாது. இது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத்தான் ஆறு வருஷமாக மூடியிருந்தாள். இப்போது பலகையும் மூடிக்கொண்டது.

புத்தகத்தைப் பார்த்து எழுதினாள்: 'ஒரு தோட்டத்தின் நீளம் 50 மீட்டர். அகலம் 30 மீட்டர். அதன் பரப்பளவு என்ன?'

வகுப்பில் ஒரு முணுமுணுப்பு. மங்கையர்க்கரசி கையில் ஒரு புது நோட்டோடு எழுந்து நின்றாள்.

"டீச்சர், அந்தச் சின்ன ரூம்காரங்க என்ன ஆனாங்க?"

விசாலம் திரும்பவில்லை. மீட்டர் என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டாள்.

"அங்கதான் இருக்காங்க. உக்காரு. நோட்டை எடுத்து எழுது."